கருவி எது, ஆயுதம் எது? – கத்தி பற்றிய சட்டங்களின் வரலாறு

உழைக்கும் மக்களின் வாழ்வில் இரும்பு இல்லாத நாளில்லை. கதிர் அறுக்கக் கதிரரிவாள் வேண்டும். விறகு பிளக்கவும் முள் கழிக்கவும் வெட்டரிவாள் வேண்டும். பனையேறுவோர்க்குப் பாளை அரிவாளும், தோல் தொழிலாளர்க்குத் தோல் அறுக்கும் கத்தியும், கரும்புத் தோட்டத்திற்குக் கரும்பு வெட்டும் கத்தியும், அடுக்களைக்கு அரிவாள்மணையும் இன்றியமையாதவை. இவற்றை வைத்திருப்போர் எவரும் தம்மை ஆயுதம் தாங்கியோர் என்று எண்ணுவதில்லை.

நம் நாட்டு வழக்கு, கருவியையும் ஆயுதத்தையும் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. ஆயுத பூசையன்று நாம் பொட்டிட்டு வைப்பவை ஏரும் உளியும் அரிவாளுமே. ஆனால் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. ஒரு பொருள் கருவியாயின் அதை வைத்திருப்பவர் உழைப்பாளி. ஆயுதமாயின் அவர் விசாரணைக்கு உரியவர். இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள், எந்த அளவுகோலைக் கொண்டு செய்தார்கள், அந்த அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா என்பவற்றை அறிவது, கத்தியின் வரலாற்றை மட்டுமன்று, நம் சமூகத்தின் வரலாற்றையும் அறிவதாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மறுக்கப்பட்ட மூன்று

அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் லாகூர் மாநாட்டிற்கென எழுதி, அம்மாநாடு நடைபெறாமற் போகவே தாமே அச்சிட்டு வெளியிட்ட உரை, 'சாதியை ஒழிக்க வழி' என்னும் பெயரால் தமிழுலகில் நன்கு அறியப்பட்டது. உலகின் பிற நாடுகளில் தோன்றியதைப் போன்ற சமூகப் புரட்சிகள் இந்நாட்டில் ஏன் தோன்றவில்லை என்னும் வினாவை அதில் அவர் எழுப்புகிறார். அடிமைத்தனத்தினின்று விடுபடுவதற்கு ஒரு மக்கட்கூட்டத்திற்கு மூன்று ஆயுதங்கள் தேவை. ஒன்று உடல்வலியைச் சார்ந்த படைக்கலம், மற்றொன்று அரசியல் உரிமை, மூன்றாவது அறிவைத் தரும் கல்வி. நால்வருண முறை இம்மூன்றையும் அடித்தட்டு மக்களுக்கு மறுத்தது. ஏரைப் பிடித்தவன் வாளைப் பிடிக்க இயலாதவாறு தடுத்தது என்பது அவர் தரும் விளக்கமாகும்.

இதனால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீரம் இல்லை என்று கூறுவார் வரலாறு அறியாதவரே. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர்கள் படைவீரர்களாக விளங்கினர். 1818ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றோருள் மகர் வீரர்கள் பலர். சென்னை மாகாணப் படையிலும், குறிப்பாகச் சுரங்கப் படைப் பிரிவிலும், பறையர் சமூகத்தார் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். அண்ணலின் தந்தையாரும் படையில் சுபேதாராக இருந்தவரே. ஆனால் 'போர்க்குடிகள்' என்னும் பொய்க் கொள்கை தலைதூக்கியபின், 1892ஆம் ஆண்டில் மகர்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. வருணம் மறுத்ததை வெள்ளையர் ஆட்சியும் மறுத்தது. கையில் இருந்த படைக்கலம் பறிபோயிற்று. வயலில் பிடித்த அரிவாள் மட்டுமே எஞ்சியது.

கும்பெனி ஆட்சியும் மலபார்க் கத்தியும்

தென்னாட்டில் ஆயுதப் பறிமுதல் என்பது பாளையக்காரர் போரின் முடிவில் தொடங்கியது எனலாம். 1801ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் ஆயுதம் தாங்கும் வழக்கத்தை ஒழிக்க ஆணையிட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயினும் அவ்வாணை பாளையக்காரர்களையும் அவர்தம் படைவீரர்களையும் நோக்கியதே அன்றிக் கத்தியைப் பற்றிய தனிச் சட்டம் அன்று.

கத்திக்கென்றே தனிச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்திற்காக இயற்றப்பட்டது. அதுவே 1854ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். மலபாரில் அக்காலத்தில் 'ஆயுதக் கத்தி' என்னும் பெரிய போர்க்கத்தி வழக்கில் இருந்தது. நிலவுடைமையாளரின் கொடுமைக்கு எதிராகவும் ஆட்சிக்கு எதிராகவும் மாப்பிள்ளைக் குடியானவர்கள் பன்முறை கிளர்ந்தெழுந்தனர். அவர்களுட் சிலர், சாதியின் இழிவினின்று தப்ப இசுலாத்தைத் தழுவிய செருமர் வழியினர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. கிளர்ச்சிகளின் காரணத்தை ஆராய அனுப்பப்பட்ட ஸ்ட்ரேஞ்சு என்னும் அதிகாரி, நிலச் சிக்கலைப் பெரிதாகக் கருதாமல், அடக்குமுறையையே மருந்தாகப் பரிந்துரைத்தார். அதன் விளைவாகவே போர்க்கத்தியை வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது.

மாவட்ட ஆட்சியர் கானலி ஊர் ஊராகச் சென்று கத்திகளைத் திரட்டினார். 1855 சனவரி இறுதிக்குள் 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டதாக மலபார்க் கையேடு கூறும். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் கானலி தம் இல்லத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஏழாயிரம் கத்திகளைத் திரட்டிய ஆட்சியால் அவற்றைப் பிடிக்கத் தூண்டிய காரணத்தைத் திரட்டி அழிக்க இயலவில்லை. குடியானவரின் குறை தீராமையால் கிளர்ச்சிகள் தொடர்ந்தன. 1921ஆம் ஆண்டில் அது பெருந்தீயாக மூண்டது. இரும்பைப் பறித்தால் அமைதி வரும் என்று நம்பும் ஆட்சிகளுக்கு மலபார் ஒரு பாடம் ஆகும்.

ஒரே இரும்பு, பல நீதி

1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாடு முழுவதும் ஆயுதக் கட்டுப்பாடு இறுகியது. லிட்டன் பிரபு ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிறந்தது. துப்பாக்கியோடு வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு ஆகியனவும் அதில் ஆயுதம் எனப்பட்டன. உரிமமின்றி அவற்றைத் தாங்கிச் செல்வது குற்றமாயிற்று. ஆனால் ஐரோப்பியர்களுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஒரே வாள் வெள்ளையன் இடுப்பில் அணிகலன்; இந்தியன் இடுப்பில் குற்றம். 1887ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு இச்சட்டத்தைத் திருத்துமாறு தீர்மானம் இயற்றியது.

விதிவிலக்குப் பெற்றோர் வெள்ளையர் மட்டும் அல்லர். குடகு நாட்டில் குடகர் இனத்தார்க்கும் ஜம்மா நில உரிமையாளர்க்கும் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே விலக்கு வழங்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. 2021ஆம் ஆண்டில் கருநாடக உயர்நீதிமன்றம் அது செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தது. சீக்கியரின் கிர்ப்பானும் தொடக்கத்தில் வாள் என்றே கருதப்பட்டது. 1914ஆம் ஆண்டு முதல் படிப்படியாக விலக்குக் கிடைத்தபோதிலும், அதன் அளவைக் காரணம் காட்டிச் சீக்கியர்களைச் சிறையிட்ட நிகழ்ச்சிகள் குருத்துவாரா இயக்கக் காலத்திலும் நடந்தன. இறுதியில் இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவின் விளக்கத்திலேயே கிர்ப்பான் அணிவது சீக்கிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையில் அடங்கும் என்று எழுதப்பட்டது.

இவற்றை நாம் குறைகூறும் நோக்கத்துடன் குறிப்பிடவில்லை. தம் மரபை எடுத்துரைக்கவும், அமைப்பாகத் திரளவும், ஆட்சியிடம் முறையிடவும் வல்லமை பெற்ற சமூகங்கள் சட்டத்தில் தமக்குரிய இடத்தைப் பெற்றன. அவ்வல்லமை மறுக்கப்பட்ட சமூகங்களின் கதை வேறு.

ஆளையே ஆயுதமாகக் கருதிய சட்டம்

1871ஆம் ஆண்டில் குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்கீழ் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. கையில் என்ன இருக்கிறது என்று ஆயுதச் சட்டம் கேட்டது. எந்தக் குலத்தில் பிறந்தாய் என்று இச்சட்டம் கேட்டது. குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஒரே காரணத்தால் மக்கள் கைரேகை பதிக்கவும், இரவில் காவல் நிலையத்தில் தங்கவும், ஊர் விட்டு ஊர் செல்ல அனுமதி பெறவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். வெறுங்கையுடன் நின்றவரும் ஆயுதம் தாங்கியவராகவே கருதப்பட்டார்.

சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 1952ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் ஏட்டினின்று நீங்கியது. ஆனால் பார்க்கும் கண்ணினின்று அந்தப் பார்வை முற்றும் நீங்கியதா? இன்றும் ஒருவர் கையில் உள்ள அரிவாளைக் கருவி என்பதும் ஆயுதம் என்பதும், பல நேரங்களில் அரிவாளைப் பார்த்து முடிவு செய்யப்படுவதில்லை. அவர் வரும் தெருவைப் பார்த்து முடிவு செய்யப்படுகிறது. நாம் சட்டத்தை அறிய வேண்டிய தேவை இங்கேதான் பிறக்கிறது.

இன்றைய சட்டம் கூறுவது

விடுதலை பெற்ற இந்தியா, 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1962 அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் பிரிவு தரும் விளக்கத்தை நம் இளைஞர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். தாக்குவதற்கோ தற்காத்துக் கொள்வதற்கோ உரிய ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட பொருள்களும், கூர்முனையுடைய கொடிய ஆயுதங்களும் அதில் அடங்கும். ஆனால் வீட்டுப் பயன்பாட்டிற்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்கள் ஆயுதம் ஆகா. தடியும் சாதாரணக் கைத்தடியும் எடுத்துக்காட்டாகச் சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளன.

சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் அளவையும் கூறுகின்றன. வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு, 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளும் ஐந்தாம் வகை ஆயுதங்களாகும். இங்கும், வீட்டுப் பணி, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றிற்காக வடிவமைக்கப்பட்டவை விலக்கப்பட்டுள்ளன. ஆகவே இறைச்சிக் கடைக்காரரின் கத்தி நீளமானது என்பதனாலேயே அது ஆயுதம் ஆகிவிடாது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. துப்பாக்கிக்கு நாடு முழுவதும் உரிமம் வேண்டும். கூர்முனை ஆயுதங்களுக்கோ, சட்டத்தின் நான்காம் பிரிவின்கீழ் அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் மட்டுமே உரிமம் வேண்டும். அத்தகைய அறிவிக்கைகள் சில இடங்களில் இன்னும் கடுமையானவை. தில்லியில் 1980ஆம் ஆண்டு வெளியான அறிவிக்கை, பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி, வில்கத்தி போன்றவற்றை, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் இருந்தாலே கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது. அறிவிக்கையை மீறுவோர்க்குச் சிறைத் தண்டனை உண்டு.

வைத்திருப்பது ஒன்று, பயன்படுத்துவது வேறொன்று. அடுக்களைக் கத்தியாயினும் அதனால் ஒருவரைக் காயப்படுத்தினால், 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவின்கீழ் அது கொடிய ஆயுதத்தால் காயம் விளைவித்த குற்றமே. அவ்வாறே, சட்டவிரோதக் கூட்டத்தில் கொடிய ஆயுதத்துடன் கலந்துகொள்வது, ஒரு கீறல் கூட விழாவிடினும், தனிக் குற்றமாகும். அமைதியாகக் கூடும் உரிமையை வழங்கும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, 'ஆயுதமின்றி' என்னும் நிபந்தனையையும் உடன் வைத்துள்ளது.

நமக்கென்று எழுதப்பட்ட ஒரு விதி

நம்மவருள் பலரும் அறியாத செய்தி ஒன்றை இங்குக் கூறுதல் வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளுள் மூன்றாம் விதி, முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைப் பற்றியது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை நீக்கலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யலாம். தேவையாயின் பாதிக்கப்படக்கூடிய நம் மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க அவர்களுக்கே ஆயுத உரிமம் வழங்கலாம் என்று அவ்விதி கூறுகிறது.

படைக்கலம் மறுக்கப்பட்ட மக்களைப் பற்றி அண்ணல் எழுதிய 59 ஆண்டுகளுக்குப் பின், இந்நாட்டின் சட்டம் இவ்வாறு எழுத நேர்ந்தது. எனினும் விதி தானே நடவாது. அது வகுக்கப்பட்டு இரண்டாண்டுகள் கடந்த சில மாதங்களில், 1997 சூன் 30ஆம் நாள், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஏட்டில் இருந்த பாதுகாப்பு அவர்களைக் காக்க வரவில்லை. விதியைச் சுட்டிக்காட்டி, முன்னதாகவே மனுக் கொடுத்து, அதிகாரிகளைச் செயற்படச் செய்யும் படித்தோர் ஒவ்வோர் ஊரிலும் தேவை.

நடைமுறையில் நாம் செய்யத்தக்கவை

வேலைக்குச் செல்வோர் தம் கருவியை உறையிட்டோ சாக்கில் சுற்றியோ கொண்டு சென்று, வேலை முடிந்ததும் நேரே வீடு சேர்ப்பது நன்று. வேலைக்கென எடுத்த அரிவாளுடன் திருவிழாவிற்கோ, ஊர்வலத்திற்கோ, பஞ்சாயத்துக் கூட்டத்திற்கோ செல்லலாகாது. இடமும் நேரமும் மாறினால் கருவியின் பொருளும் மாறிவிடும். பதற்றமான நாள்களில் தடையாணை நடப்பில் உள்ளதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பொத்தான் கத்தி, குத்துவாள், வீச்சரிவாள் போன்ற, தொழிலுக்குப் பயன்படாதவற்றை வாங்கவே கூடாது.

கருவியை வைத்திருந்ததற்காகவே ஒருவர் பிடிக்கப்பட்டால், அஞ்சி ஓடுவதும் வீண் வாதம் செய்வதும் தீமையையே தரும். என்ன தொழில், யாரிடம் வேலை, எங்கிருந்து வருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். கைதின் காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் கலக்கவும், 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தப்படவும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு உரிமை தருகிறது. சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. எந்தப் பொருள், எவ்வளவு நீளம், எங்கே எடுக்கப்பட்டது என்பவை அதில் விளங்கும். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இலவச சட்ட உதவி 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி உரிமையாகும், சலுகையன்று. நம்மவர் அல்லாதார் நம்மவர் மீது வேண்டுமென்றே பொய் வழக்குத் தொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம் என்பதையும் மறத்தலாகாது.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

அன்பார்ந்த இளைஞர்களே! 2019 சூலையில் சென்னை அரும்பாக்கத்தில், பேருந்தில் சென்ற கல்லூரி மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டியோர் அந்நியர் அல்லர், மாணவர்களே. பிறந்தநாள் விழாவில் வாளால் இனிப்புரொட்டி வெட்டிப் படமெடுத்துப் பரப்பியதற்காகச் சிறை சென்ற இளைஞர் பலரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். வாள் பிடித்தால் அச்சம் போகும் என்று எண்ணுவோர் உண்டு. போவது அச்சம் அன்று; அரசுப் பணி போகிறது. பணியில் சேருமுன் காவல்துறை செய்யும் நன்னடத்தை விசாரணையில், ஒரே ஒரு வழக்குப் பல ஆண்டுக் கல்வியை வீணாக்கிவிடக்கூடும். தாயும் தந்தையும் வெயிலில் அரிவாள் பிடித்து ஈட்டிய கூலியில் பெற்ற கல்வி அது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனையும் அவனைக் காக்க வந்த தங்கையையும், உடன் பயின்றோரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். சாதிவெறி பள்ளிப் பிள்ளையின் கையிலும் அரிவாளைக் கொடுக்கும் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்குக் காட்டியது. பள்ளிகளில் சாதிப் பூசலைத் தவிர்க்கும் வழிகளை ஆராய அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு குழு 2024 சூனில் தன் அறிக்கையை அளித்தது. வெட்டுப்பட்ட மாணவனோ மருத்துவமனையில் பல நாள் கிடந்தபின் எழுந்து, மறு ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வெற்றி பெற்றான். அவன் பழிக்குப் பழியாகக் கத்தியைத் தேடவில்லை; எழுத இயலாத கைக்கு மாற்றாக எழுதுவோர் ஒருவரைத் துணைக்கொண்டு தேர்வெழுதினான்.

அண்ணல் கூறிய மூன்று ஆயுதங்களுள் அரசியல் உரிமை இன்று வாக்குச் சீட்டாக நம் கையில் உள்ளது. கல்வி நம் சங்கம் போன்ற அமைப்புகளின் உழைப்பால் வீடுதோறும் புகுந்து வருகிறது. எஞ்சிய படைக்கலத்தின் இடத்தில் இன்று நிற்பது சட்டம். அது யார் பக்கம் பாயும் என்பது, அதை அறிந்து பயன்படுத்துவோரைப் பொறுத்தது. உழைப்பவன் கையில் அரிவாள் இருக்கட்டும். அவன் பிள்ளையின் கையில் சட்டப் புத்தகம் இருக்கட்டும். கருவியை ஆயுதம் என்று எவரேனும் திரித்துக் கூறும் நாளில், பிரிவைச் சொல்லி, விதியைக் காட்டி, தந்தையை வீட்டிற்கு அழைத்து வரும் மகனும் மகளும் நம் ஊர்தோறும் தோன்ற வேண்டும். கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா இதனினும் பெரிய விளைவை வேண்டாது.